ஞானஸ்நானம் பெறாதவரை எந்த அடிப்படையில் கிறிஸ்தவர் என்பது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்புக்காக, ஒருவரைக் கிறிஸ்தவராக அடையாளப்படுத்தும் அடிப்படை எது என்ற பாடத்தைத் தயாரித்து வருகிறேன். அதில் ஓர் இடத்தில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

பெரும்பாலான சபைகள் ஏற்கும் பழைய விசுவாச அறிக்கையான நிசேயா விசுவாசப் பிரமாணம் பாவமன்னிப்புக்கான ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் சி.எஸ்.ஐ. சபையாரும் அதையே திருச்சபைக்குள் நுழையும் வாசலாகக் கொள்கின்றனர். ஆனால் நாகர்கோவிலில் தலைமுறைகளாக மருத்துவமனை நடத்திவரும் இரட்சணிய சேனை (Salvation Army) என்னும் கிறிஸ்தவ அமைப்பினர் ஞானஸ்நானமோ திருவிருந்தோ ஆசரிப்பதில்லை. ஏழைகளுக்காக இத்தனை காலம் உழைத்துவரும் அவர்களைக் கிறிஸ்தவர் அல்லர் என்று சொல்ல என் மனம் ஒருபோதும் இணங்காது. மறுபுறம், மார்மன் சபையார் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லியே முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும், கடவுளைப் பற்றிய அவர்களது போதனை அடிப்படையிலேயே வேறுபடுவதால் அது செல்லாது என்று வத்திக்கான் 2001-இல் அறிவித்தது. ஆகவே சடங்கைவிட, ரோமர் 10:9 கூறும் அறிக்கையும் விசுவாசமுமே முதன்மையானவை என்று எண்ணுகிறேன்.

இரட்சணிய சேனையில் வளர்ந்தவர்கள், அங்கே ஒருவர் எந்த உறுதிமொழியின்பேரில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்பதை விளக்கினால் பேருதவியாக இருக்கும். இறையியல் பயின்றவர்கள், "ஞானஸ்நானத்தைக் கொடுக்கும்படி கிறிஸ்து என்னை அனுப்பவில்லை" என்று 1 கொரிந்தியர் 1:17-இல் பவுல் எழுதுவதை ஞானஸ்நானம் கொடுக்கும்படி இயேசு கட்டளையிடும் மத்தேயு 28:19-உடன் எவ்வாறு இணைத்து வாசிக்க வேண்டும் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.