ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிள்: டக்ட்டை எப்படித் தாண்டுவது?

வணக்கம். ஆபீஸ் ரேக்கிலிருந்து எதிர்ப்பக்க மேஜைகளுக்கு 12 கேட்6 (நெட்வொர்க்) கேபிள் இழுக்க வேண்டும். ஒரு டைலைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய கேபிள்கள் பாதி டைல் மேலேயே கிடக்கின்றன, மீதி சீலிங்கைத் தாங்கும் கம்பியில் கட்டியிருக்கிறது. அந்தக் கம்பி சீலிங் எடைக்கு மட்டும்தான். அதில் இன்னும் பாரம் ஏற்ற எனக்கு மனசில்லை.

கான்கிரீட்டில் ஆங்கர் அடித்து, 4-5 அடிக்கு ஒரு ஜே-ஹூக் (J வடிவக் கொக்கி) மாட்டி, வெல்க்ரோவால் தளர்வாகக் கட்டுவதாக இருக்கிறேன். ஜிப் டையை இறுக்கினால் கேபிள் நசுங்கும், அது வேண்டாம்.

சிக்கல் நடுவில்தான். ஏசி டக்ட் ஒன்று குறுக்கே போகிறது. அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கைகூட நுழையாது. கீழே விட்டால் கரண்ட் பைப்பை உரசிக்கொண்டு போகும். சுற்றிக்கொண்டு போனாலும் கேபிளுக்கான 90 மீட்டர் வரம்புக்குள் அடங்கிவிடும், ஆனால் வளைவுகள் கூடும்.

இப்படி ஓர் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? டக்ட் மேலே ஃபைபர் ராட் (கேபிளை இழுக்க உதவும் வளையும் குச்சி) விட்டு இழுத்தால் தகட்டு விளிம்பு கேபிள் உறையைக் கிழிக்குமா? அப்புறம், எல்லா டைலையும் தூக்காமல் கேபிள் இழுக்கும் நூலை அந்தப் பக்கம் சேர்க்க வழி உண்டா? தொட்டாலே ஓரம் உதிர்கிறது, கீழே கம்ப்யூட்டர்கள் வேறு.