யூபிவிசி (கெட்டியான பிவிசி பிளாஸ்டிக்) ஜன்னல் ஃபிரேமை 30 நிமிடம் தீ தாங்க வைக்க என்ன வழி?

பட்டறை_கோவை எழுதியது:

வணக்கம். அடுக்குமாடி ஒன்றுக்கு 60 மிமீ கேஸ்மென்ட் (கதவு போலத் திறக்கும்) ஜன்னல்கள் ஆர்டர் எடுத்திருக்கிறோம். அதில் ஆறு ஜன்னல் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்து, 2 மீட்டர் இடைவெளியில் வருகிறது. அந்த ஆறும் 30 நிமிடம் தீ தாங்க வேண்டும் என்று கட்டட ஆலோசகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். புரொஃபைல் (ஃபிரேம் செய்யும் பிளாஸ்டிக் சட்டம்) தருபவர் "எங்க சரக்கு யூஎல் 94 வி-0 தீப்பற்றாத் தரம், அதுவே போதும்" என்கிறார். பெயின்ட் கடைக்காரர் தீத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்கிறார். இதில் எது சரி? பிளாஸ்டிக் கலவையிலேயே ஏதாவது சேர்த்து புரொஃபைல் இழுக்கச் சொல்லலாமா? கண்ணாடி 6 மிமீ டஃபன்டு, சுவர் இடைவெளிக்கு வழக்கமான பியூ (பாலியூரித்தேன்) ஃபோம்.

உலை842 எழுதியது:

இரண்டுமே போதாது. தீ பற்றாமல் இருப்பது வேறு, தீயைத் தாங்கி நிற்பது வேறு. வி-0 சோதனையில் விரலகலத் துண்டின் அடியில் 10 வினாடி வீதம் இரண்டு முறை சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்ததும் 10 வினாடிக்குள் அணைய வேண்டும், எரியும் சொட்டு விழுந்து கீழே உள்ள பஞ்சு பற்றக் கூடாது. கெட்டியான பிவிசி இதில் எளிதாகத் தேறிவிடும். உங்கள் ஆலோசகர் கேட்பது உலைச் சோதனை. உலைச் சூடு நேரத்தோடு எப்படி ஏற வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 834 வளைவுப்படி 5 நிமிடத்தில் 576 டிகிரி, 30 நிமிடத்தில் 842 டிகிரி. யூபிவிசியோ 80 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே முதல் சில நிமிடங்களிலேயே பிளாஸ்டிக் கையை விட்டுவிடும். அது போன பிறகு கண்ணாடியை எது பிடித்து நிற்கிறது என்பதுதான் விஷயமே.

பெயின்ட் ஏன் உதவாது என்றால், சூட்டில் உப்பும் வகைப் பெயின்ட் வேலை செய்ய 200 டிகிரியாவது வேண்டும். அதற்குள் அடியில் உள்ள பிவிசி கொழகொழத்து வழிந்திருக்கும், பெயின்ட் அதோடு சேர்ந்து உரிந்து வரும். இரும்பில் அது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், இரும்பு அந்தச் சூட்டில் அசையாமல் நிற்பதுதான்.

எனவே கவனம் புரொஃபைலுக்கு உள்ளே இருக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) மேல் போகட்டும். வழக்கமான ஜன்னலில் ஜிஐ-யை மூலைக்கு 10, 15 மிமீ முன்னாலேயே வெட்டி நிறுத்தி, பிளாஸ்டிக்கை மட்டும் வெல்டு செய்கிறோம். நான்கு மூலையிலும் எலும்பு இல்லை என்று அர்த்தம். பிளாஸ்டிக் இளகியதும் சட்டம் கோணிக்கொண்டு கண்ணாடி நழுவும். தீ தாங்கும் வகையில் ஜிஐ நான்கு பக்கமும் ஓடி, மூலையில் இரும்பு எல் பிராக்கெட்டால் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும், மல்லியன் (நடுச் சட்டம்) சேரும் இடத்திலும் அப்படியே. கண்ணாடியை பிளாஸ்டிக் பீடிங்கை (கண்ணாடி ஓரப் பட்டையை) நம்பி விடாமல், ஜிஐ-யில் திருகிய இரும்புக் கிளிப்களால் 250, 300 மிமீக்கு ஒன்றாகப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பேக்கர் உருகினால் கண்ணாடி அப்படியே கீழே இறங்கி மேல்பக்கம் இடைவெளி விழும். கால்சியம் சிலிகேட் துண்டோ கடினமரத் துண்டோ வையுங்கள். ஷட்டரும் (திறக்கும் பகுதி) ஃபிரேமும் சந்திக்கும் பள்ளத்தில் கிராஃபைட் பட்டை சுற்றிலும் ஓட வேண்டும். 200 டிகிரி வாக்கில் அது பல மடங்கு உப்பி, பிளாஸ்டிக் விட்டுப்போன இடத்தை அடைக்கும். பூட்டுப் புள்ளிகளையும் பாருங்கள். ஜிங்க் டைகாஸ்ட் 400 டிகிரிக்குள் உருகிவிடும், இரும்பு கீப் (பூட்டு மாட்டும் கொண்டி) கேட்டு வாங்குங்கள்.

கலவைமேசை எழுதியது:

கலவை பற்றி மட்டும் சொல்கிறேன். பிவிசி ரெசின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். அதனால்தான் கெட்டி பிவிசியின் ஆக்சிஜன் குறியீடு (தொடர்ந்து எரியத் தேவையான ஆக்சிஜன் சதவீதம்) 45-க்கு மேல் நிற்கிறது. மரம் 21, 22. காற்றில் இருப்பதே 21 சதவீதம் ஆக்சிஜன் என்பதால், சுடரை எடுத்ததும் பிவிசி தானே அணைகிறது. இதற்கு மேல் ஆன்டிமனி ட்ரைஆக்சைடு என்ற தீத்தடுப்புப் பொடி சேர்ப்பது பணத்துக்கும் கேடு, புகையும் கூடும். அதற்கான இடம் எண்ணெய் (பிளாஸ்டிசைசர்) சேர்த்த மென்மையான கேபிள் பிவிசி.

இங்கே உண்மையான சிக்கல் புகை. ஒரு கிலோ ரெசின் முழுக்கச் சிதைந்தால் 580 கிராம் வரை ஹைட்ரஜன் குளோரைடு வரும். நாலடிக்கு நாலடி ஜன்னலில் பிளாஸ்டிக் மட்டுமே 10 கிலோவைத் தாண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைத் திறக்க விடாத வாயு அது. இதைக் குறைக்க 100 பங்கு ரெசினுக்கு 2 முதல் 4 பங்கு ஜிங்க் ஹைட்ராக்சிஸ்டேனேட்டோ அம்மோனியம் ஆக்டாமாலிப்டேட்டோ சேர்ப்பார்கள். நுண்ணிய கால்சியம் கார்பனேட்டும் அந்த அமிலத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் ஜிங்க் உப்புகளில் ஒரு ஆபத்து உண்டு: அதிகமானால் ஜிங்க் குளோரைடு உண்டாகி, எக்ஸ்ட்ரூடரிலேயே (புரொஃபைல் இழுக்கும் இயந்திரம்) பிவிசி திடீரென்று கறுத்துவிடும். ஸ்டெபிலைசரை (சூட்டில் சிதையாமல் காக்கும் பொருளை) அதற்கேற்ப மாற்றாமல் சேர்க்கவே கூடாது. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரியில் தண்ணீர் விடும். டையில் உருகல் 190-ல் ஓடும்போது கொஞ்சம் சூடு ஏறினாலே புரொஃபைலில் குமிழி விழும். 10 பங்கைத் தாண்டினால் மூலை வெல்டு பலமும் அடிவாங்கும்.

இன்னொன்று. விலை குறைந்த சரக்கில் பழைய கேபிள் தோல் அரைத்துக் கலந்திருந்தால் அதிலுள்ள எண்ணெய் இந்த நல்ல குணத்தையெல்லாம் கெடுத்துவிடும். வெட்டுத் துண்டு ஒன்றைத் திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்று, இடுக்கியில் பிடித்து 10 வினாடி லைட்டர் காட்டுங்கள். எடுத்த பிறகும் நின்று எரிந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். அணைந்தால் சரக்கு கெட்டதில்லை என்பது மட்டும்தான் தெரியும். 30 நிமிடத்துக்கு அது சாட்சி ஆகாது.

பட்டறை_கோவை எழுதியது:

தெளிவாகப் புரிந்தது, இருவருக்கும் நன்றி. இந்த மாற்றங்களைச் செய்துவிட்டு 30 நிமிடம் என்று கொட்டேஷனில் எழுதலாமா? கண்ணாடி, ஃபோம் என்ன செய்வது?

உலை842 எழுதியது:

எழுதாதீர்கள். சான்று ஜன்னல் முழுவதற்கும் சேர்த்துத்தான்: அதே புரொஃபைல், அதே கண்ணாடி, அதே பூட்டு, சோதித்த அளவு வரம்புக்குள். புரொஃபைல் தருபவரிடம் ஈஎன் 1634-1 படியோ அதற்கு இணையாகவோ அந்த சிஸ்டத்துக்கே எடுத்த உலைச் சோதனை அறிக்கை கேளுங்கள். அதில் ஈ 30 என்றால் தீயும் சூடான வாயுவும் 30 நிமிடம் கடக்காது. ஈஐ 30 என்றால் மறுபக்கம் சூடு ஏறுவதையும் தடுக்கும். ஆலோசகருக்கு எது வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அறிக்கை இல்லை என்றால் அந்த ஆறு ஜன்னலை மட்டும் சான்றுள்ள ஸ்டீல் ஃபிரேமுக்கு மாற்றுவதே நேர்மையான வழி.

சாதாரண டஃபன்டு தீச்சூட்டில் உடைந்தால் முழுவதும் ஒரே நொடியில் பொடியாகக் கொட்டிவிடும். ஈ வகைக்கு போரோசிலிகேட் மாதிரி தீக்கண்ணாடி, ஈஐ வகைக்கு நடுவில் உப்பும் ஜெல் அடுக்கு உள்ள கண்ணாடி. கம்பிக் கண்ணாடி விரிசல் விட்டாலும் கம்பி பிடித்து நிற்கும்; ஆனால் கை பட்டு உடைந்தால் மோசமாகக் கிழிக்கும், தாழ்வான ஜன்னலுக்கு வேண்டாம்.

சாதாரண பியூ ஃபோம் எரியும். சுவர் இடைவெளியை ராக்வூல் (கல் நார்ப்பஞ்சு) இறுக்கி அடைத்து, தீச் சீலன்ட் பூசுங்கள், அல்லது அறிக்கையில் எழுதியுள்ள தீ ஃபோமை அதே ஆழத்துக்கு நிரப்புங்கள். நைலான் பிளக் வேண்டவே வேண்டாம். இரும்பு ஆங்கர், ஜிஐ வழியாகச் சுவருக்குள், மூலையிலிருந்து 150 மிமீ தள்ளி முதலாவது, பிறகு 600 மிமீக்கு மிகாமல்.

மாட்டும்_ஆள் எழுதியது:

கொசுவலையையும் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் வலை தீ பட்டால் உருகிச் சொட்டும், அந்த ஆறு ஜன்னலுக்கு 304 ஸ்டெயின்லெஸ் வலை போடுங்கள். மற்ற இடங்களில் ஸ்லைடிங் இருந்தால் அதிலுள்ள வுல் பைல் (இடைவெளி அடைக்கும் தூரிகைப் பட்டை) பாலிபுரொப்பிலீன், அதுவும் நன்றாக எரியும். வெளியே இரும்பு கிரில் வைத்தால் படுக்கையறைக்கு ஒன்றாவது உள்ளிருந்தே சாவியில்லாமல் திறக்கும்படி இருக்கட்டும். ஆனால் சான்று பெற்ற ஜன்னல் ஷட்டரில் வலைக்காகவோ கிரிலுக்காகவோ புதுசாகத் துளை போடாதீர்கள். கிராஃபைட் பட்டை அங்கே அறுந்துபோகும். சுவரில் தனிச் சட்டமாக மாட்டுங்கள்.