வாயைத் திறந்து காட்டினால் ஒன்றுமில்லை, ஆனால் நாக்கு நாளெல்லாம் காந்துகிறது

கேட்பவர்: தட்டுவடைக் கடை, அம்மாப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. சேலம் அம்மாப்பேட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறோம். 19 வருடமாகச் சட்னி என் கைப்பக்குவம். மதியம் இரண்டு மணிக்குச் சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் அரைத்து, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

எட்டு மாதமாக அந்த நுனிதான் எரிகிறது. கொதிக்கிற டீயை அவசரமாகக் குடித்து நாக்கு வெந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி. வெந்த நாக்கு இரண்டு நாளில் ஆறிவிடும். இது ஆறுவதே இல்லை. காலையில் எழும்போது ஒன்றும் தெரியாது. வாசல் தெளித்து, சமையல் முடித்து, பத்து மணி வாக்கில் நுனியில் ஆரம்பிக்கும். மதியத்துக்குள் இரண்டு ஓரமும் பிடித்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்கு, வண்டியைச் சுற்றி ஆட்கள் நிற்கிற நேரத்தில், மேலண்ணமும் கீழுதடும் சேர்ந்து காந்தும். வாய் வறண்ட மாதிரி இருக்கிறது. செப்புக் காசை அடக்கிக்கொண்டது போல ஒரு கசப்பு. சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

போன மாதம், வாடிக்கையாக வருகிற ஒரு கல்லூரிப் பையன் முதல் வாயிலேயே தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உப்பு..." என்று இழுத்தான். வீட்டுக்காரர் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இரண்டு மடங்கு. நான் மூன்று தடவை ருசி பார்த்துத்தான் போட்டிருந்தேன். அந்தத் தூக்குச் சட்னியைச் சாக்கடையில் கவிழ்த்தபோது அழுதுவிட்டேன்.

மாமியார் உடம்புச் சூடு என்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், இரண்டு மாதம் மணத்தக்காளிக் கீரை தின்றேன். முதல் டாக்டர் வாய்ப்புண்ணுக்குத் தடவும் களிம்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார். அடுத்தவர் பூஞ்சைக்கு மருந்து எழுதினார். மூன்றாமவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாக்கு சுத்தமாக இருக்கிறது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார். புண் இருந்தாலாவது காட்டலாம். இல்லாத புண்ணை எப்படிக் காட்டுவது? புற்றுநோயோ என்று தினம் ராத்திரி கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன்.

7 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. இப்படி வேறு யாருக்காவது இருந்திருக்கிறதா? எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: ஏற்காடு டீச்சர்

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன். இது உங்கள் மனப்பிரமை இல்லை. எனக்கு 64 வயது. இந்த எரிச்சலோடு ஏழாவது வருடம் நடக்கிறது. காலையில் சும்மா இருந்து பொழுது ஏற ஏற எரிவது, சாப்பிடும்போது அடங்குவது, உலோகக் கசப்பு: நீங்கள் எழுதியதை என் நாட்குறிப்பில் எழுதியிருந்தாலும் பொருந்தும்.

இதற்குப் பெயர் இருக்கிறது. பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்கிறார்கள். அந்தப் பெயரை நான் கேட்பதற்கே இரண்டு வருடம் ஆனது. கொண்டை ஊசி வளைவு இருபதையும் பஸ்ஸில் இறங்கி, மடியில் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு, ஊரில் இருக்கிற பல் டாக்டர், காது மூக்குத் தொண்டை டாக்டர் எல்லோரிடமும் போனேன். நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டதுதான் மிச்சம். தயவுசெய்து நீங்கள் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், வாய் மருத்துவத்துக்கென்றே இருக்கும் ஓரல் மெடிசின் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். சுவையையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகள் தப்பாகச் சேதி அனுப்புகின்றன, அதனால்தான் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று படம் வரைந்து காட்டினார். அன்றைக்கு அங்கேயே அழுதேன். பயத்தினால் இல்லை, ஒருவர் நம்பினாரே என்று.

எனக்கு உதவியது குளோனாசெபம் மாத்திரை. விழுங்குவதற்கு இல்லை. எரிகிற இடத்தில் வைத்து உமிழ்நீரில் கரையவிட்டு, 3 நிமிடம் அடக்கிவைத்துத் துப்பிவிட வேண்டும். டாக்டர் சீட்டோடு மட்டும்தான். தூக்கம் வரும், பழகிப்போகும் மருந்து, அளவை நாமாகக் கூட்டக் கூடாது. பத்தில் எட்டாக இருந்த எரிச்சல் எனக்கு மூன்று, நான்குக்கு வந்தது. முழுதாகப் போகவில்லை. காரமான புதினா பற்பசையை விட்டேன். எங்கள் வீட்டில் எந்நேரமும் காப்பி மணக்கும், ஆனாலும் ஆறவைத்துத்தான் குடிக்கிறேன். கவலைப்படும்போது நாக்கைப் பல்லில் அழுத்தித் தேய்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. டாக்டர் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

சட்னிக்கு ஒரு யோசனை: விடியற்காலையில் நாக்கு சும்மா இருக்கும்போது ஒரு கரண்டி அரைத்து ருசி பார்த்து, உப்பு, புளி, மிளகாய் அளவை எடை போட்டு எழுதி வைத்துவிடுங்கள். மதியம் அந்த அளவுப்படி அரைக்கலாம்.

பதில்: குகை தறிக்காரர்

அக்கா, ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் வாய் எரிந்தது, ஆனால் காரம் பட்டால்தான் எரியும். பாக்குப் பொட்டலம் போடுகிற பழக்கம் இருந்தது. போகப் போக வாய் திறப்பது குறைந்து, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடியாமல் போனது. அது வேறு நோய். கன்னத்துச் சதை நாராக இறுகிவிடுகிறது, கவனிக்காவிட்டால் புற்றுநோயாகவும் மாறலாம் என்றார்கள். பாக்கை அன்றோடு விட்டேன். உங்களுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பதில்: பல் மருத்துவர்

அம்மா, நேரில் பார்க்காமல் நோய் இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதத்துக்கு மேல் எரிச்சல் இருந்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால்தான் இந்தப் பெயரை வைக்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இதை அதிகம் காண்கிறோம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சர்க்கரை மாத்திரைதான் என் கண்ணில் பட்டது. அது மெட்ஃபார்மினா? பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் நாக்கு இப்படியே எரியும். ஹீமோகுளோபின், இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் மாதிரி மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு அதனாலும் எரியும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டீச்சர் சொன்ன முறை கைவைத்தியம் இல்லை. 2004-இல் பிரான்சில் 48 பேரிடம் மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பலன் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்று ஒரு மாத்திரையும் கொடுப்பார்கள். அதில் ஆய்வுகளின் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. அதை வாங்கும் பணத்தில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கண்ணாடி பார்ப்பதை விடுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிவது புற்றுநோயின் வழக்கமான அடையாளம் அல்ல.

கேட்டவர்: தட்டுவடைக் கடை, அம்மாப்பேட்டை (ஏழு வாரம் கழித்து)

உங்கள் மூவருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாத்திரை மெட்ஃபார்மின்தான். பி12 148 என்று வந்தது. 200-க்குக் கீழே இருந்தால் குறைவாம். எட்டு மாதத்தில் ஒருவர்கூட இதைப் பார்க்கச் சொல்லவில்லையே என்று கோபமாக வந்தது. ஊசி போடுகிறார்கள். வாய் மருத்துவப் பிரிவுக்கும் போனேன். பூஞ்சை இல்லை, புண் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். பி12 ஏறிய பிறகும் எரிந்தால், கரைத்துத் துப்பும் மாத்திரையைத் தொடங்கலாம், நரம்பு தேறச் சில மாதம் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பத்தில் எட்டாக இருந்த எரிச்சல் இப்போது ஆறுக்கு வந்திருக்கிறது. மாலை ஆறு மணி இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டீச்சர் அக்கா, காலை ஐந்தரைக்கு அரைத்துப் பார்த்து அளவு எழுதிவிட்டேன். ஒரு கிலோ தக்காளிக்கு 22 கிராம் உப்பு. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பையன் நேற்று வந்து இரண்டு செட் வாங்கிச் சாப்பிட்டான்.