12 வருடம் சும்மா கிடந்த செயின் சா: ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வேகம் இறங்க மாட்டேன் என்கிறது

பழையகொட்டகை:

வணக்கம். அப்பா விறகு அறுக்க வைத்திருந்த செயின் சா, அவர் போன பிறகு 12 வருடமாகக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. 50 சி.சி., 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தட்டு). போன வாரம் எடுத்துத் துடைத்து, டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டினேன். வார்னிஷ் வாடைதான் அடித்தது. புது பிளக், புதுக் கலவை. பதினைந்து இருபது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

ஆனால் மூன்று தொல்லை. ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்குவதில்லை, செயின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் அறுத்தால் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. அறுப்பு நேராகப் போகாமல் வலது பக்கம் வளைகிறது, மாவு போலத் தூள்தான் விழுகிறது.

புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு இதையே ஓட்ட வேண்டும். முன் கைப்பிடியில் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

டூஸ்ட்ரோக்:

கார்புரேட்டர் கிட் போடுங்கள், ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறையுங்கள், சரியாகிவிடும். பழைய இன்ஜின் என்பதால் ஆயிலைச் சற்றுத் தூக்கலாகக் கலந்துகொள்ளுங்கள், பாதுகாப்பு.

மரங்கொத்தி:

நண்பரே, முதலில் ஒன்று. இதைப் படித்த பிறகு அந்த மெஷினை ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். கயிற்றில் கை வைக்காமல் ஓரமாக வையுங்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்கவில்லை என்றால், இன்ஜின் எங்கோ கள்ளக் காற்று குடிக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கார்புரேட்டர் வழியாக வராமல் வேறு ஓட்டை வழியாக வரும் காற்றோடு பெட்ரோல் வராது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. ஆக, பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த நிலையில் மெஷின் முன்பைவிட நன்றாக ஓடுவது போலத் தெரியும். சத்தம் கூர்மையாகும், வேகம் ஏறும். நான் முதன்முதலில் வாங்கிய பழைய ரம்பம் அப்படித்தான் ஒரு மாலை முழுக்கப் பறந்தது. என்ன இழுவை என்று பூரித்துப்போய் இன்னொரு டேங்க் ஊற்றினேன். அடுத்த கட்டையின் பாதியில் சத்தம் மெலிந்து ஒரு கீச்சொலி கேட்டது, நின்றது. கயிறு இம்மி நகரவில்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக் கிடந்தது. காரணம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் ஒரு மயிரிழை வெடிப்பு. ஐட்லிங் ஏறியபோதெல்லாம் நானும் ஸ்க்ரூவைத் திருகித் திருகித்தான் அடக்கி வைத்திருந்தேன்.

அதனால் டூஸ்ட்ரோக் நண்பர் சொன்னதில் இரண்டை நான் ஏற்கவில்லை. ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்தால் நோயின் அறிகுறிதான் மறையும். ஆயிலைக் கூட்டுவதும் உதவாது. ஒரு லிட்டர் கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், கார்புரேட்டர் துளையோ அதே அளவுதான். ஆகக் கலவை இன்னும் வறண்டுதான் போகும். பழைய கையேடுகளில் பெட்ரோலுக்கு ஆயில் 16:1, 25:1 என்று இருப்பது அந்தக் கால ஆயிலுக்காக எழுதியது. இப்போதைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. போதும். நான் பழைய மெஷின்களுக்கு 25 மி.லி. ஊற்றுகிறேன், அதற்கேற்பக் கார்புரேட்டரையும் திருத்திக்கொள்கிறேன்.

கார்புரேட்டரைத் தொடும் முன் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். துவாரத்தில் டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பக்கங்கள் வழவழப்பாக, உற்பத்தியில் விழுந்த மெல்லிய குறுக்கு வரிகளோடு இருந்தால் கும்பிடு போடலாம். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் அது எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூடு, வறண்ட கலவை. கார்புரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. பிஸ்டனைப் பார்க்காமல் பழைய ரம்பத்துக்கு ஒரு வாஷர்கூட வாங்காதே என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

பிறகு கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். மெஷினைத் தரையில் வைத்து, கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். தன் எடைக்கே தடதடவென்று சரிந்தால் மோசம். ஒவ்வொரு சுற்றுக்கும் தயங்கித் தயங்கி இறங்கினால் நம்பிக்கை உண்டு. கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது: ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து ஐந்தாறு இழுப்பு. 150 பி.எஸ்.ஐ. பக்கம் வந்தால் ஆரோக்கியம், 110-க்குக் கீழே என்றால் ரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

சைலன்சருக்குள் கரி அடைத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். பார்த்ததைப் படத்தோடு போடுங்கள், மேலே பேசுவோம்.

பழையகொட்டகை:

நீங்கள் சொன்னபடியே ஸ்டார்ட் செய்யவில்லை. சைலன்சரைக் கழற்றினேன். அந்தப் பக்கம் பிஸ்டனில் ஐந்தாறு மெல்லிய நெட்டுக் கோடுகள். நகத்தால் தடவினால் மாட்டவில்லை. கார்புரேட்டர் பக்கம் சுத்தம். கேஜில் 135 காட்டியது. ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன், அடிப்பக்கம், கிளாம்புக்கு ஒட்டி, அரை அங்குல நீளத்துக்கு வாய் பிளந்திருக்கிறது. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியவில்லை. இதை மாற்றினால் போதுமா?

மரங்கொத்தி:

தப்பித்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு டேங்க் ஓடியிருந்தால் நகம் மாட்டியிருக்கும். அந்தக் கோடுகளோடு அது வருடக்கணக்கில் உழைக்கும், கவலை வேண்டாம்.

குழாயை மாற்றுங்கள். பசை போட்டு ஒட்டுவது இரண்டு நாள் தாங்காது. ஆனால் இவ்வளவு காலம் கிடந்த மெஷினில் ஒரே ரப்பர் மட்டும் காய்ந்திருக்காது. பெட்ரோல் டியூப், கிராங்க் அறையிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் சின்ன டியூப், டேங்கிலுள்ள ஃபில்டர், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். டயஃப்ரத்தை விரலால் தொட்டால் துணி போலத் துவள வேண்டும். மொடமொடவென்றால் செத்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிந்து தானே நிற்கும்வரை ஐட்லிங்கில் ஓடவிட்டு வைப்பது என் வழக்கம்.

அடுத்தது கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கமும் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் துண்டை வைத்து சைலன்சர் துவாரத்தையும் கார்புரேட்டர் பக்கத்தையும் அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக 7 பி.எஸ்.ஐ. அளவுக்கு மட்டும் காற்று ஏற்றி, சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்த இடம் ஓட்டை. இதோடு நிறுத்தாதீர்கள். காற்றை உறிஞ்சியும் சோதிக்க வேண்டும். தேய்ந்த சீலின் உதடு உள்ளிருந்து அழுத்தும்போது ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும், உறிஞ்சும்போதுதான் கைவிடும். என் இரண்டாவது ரம்பம் இதில்தான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது.

கிளட்ச் பக்க சீலை எடுக்கக் கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் அது இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். இன்ஜின் சுற்றாமல் இருக்க, பிஸ்டன் சைலன்சர் துவாரத்தைத் தாண்டி மேலேறிய பிறகு, பிளக் துளை வழியாக மெல்லிய கயிற்றைத் திணியுங்கள். துவாரம் திறந்திருக்கும்போது திணித்தால் கயிறு அதில் மாட்டி நறுங்கும். திருப்புளியை முட்டுக்கொடுத்து பிஸ்டன் தலையில் குழி விழவைத்த ரம்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். புது சீலைத் தள்ளும் முன் ஷாஃப்டின் மரை மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி ஆயில் தடவினால் உதடு கிழியாது. கிளட்ச் ஸ்பிரிங்குகள் நீண்டு தளர்ந்திருந்தாலும் ஐட்லிங்கில் செயின் சுற்றும், கையோடு பார்த்துவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் நிற்பது தனிக் கதையாகவும் இருக்கலாம். அடுத்த முறை நின்றவுடன், மெஷினைக் கொஞ்சம் ஆறவிட்டு, டேங்க் மூடியை நிதானமாகத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, மூடியதும் ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லாமல், சூடாக இருக்கும்போது பிளக்கில் பொறியே வராமல், ஆறியபின் வந்தால், பொறிக்கு மின்சாரம் தரும் காயில்தான் கோளாறு. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். விசிட்டிங் கார்டை நடுவில் செருகி இறுக்கினால் ஏறக்குறைய சரியாக வரும்.

எல்லாம் பூட்டியபின் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் திருத்தும் எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) இரண்டு ஸ்க்ரூவையும் மெல்ல முட்டும்வரை மூடி, அங்கிருந்து ஒவ்வொரு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். சூடேறியதும் முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே சுத்தமாகக் கிறீச்சிட்டால் எச் ஸ்க்ரூவைத் திறங்கள். அந்தக் கரகரப்புதான் பிஸ்டனின் ஆயுள். டேக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றும் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாதவர்கள் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ரம்பப்பல்:

மாவு போலத் தூள், வளைந்த அறுப்பு பற்றி நான் சொல்கிறேன். இரண்டும் இன்ஜின் கோளாறு இல்லை. தூள் விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. கூரான செயின் சீவலாகத்தான் தள்ளும். வலது பக்கப் பற்கள் நீளமாக, இடது பக்கம் குட்டையாக (அல்லது நேர்மாறாக) அரம் போட்டிருந்தால் அறுப்பு ஒரு பக்கம் இழுக்கும். இருப்பதிலேயே குட்டையான பல்லை அளந்து, மற்ற எல்லாவற்றையும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்) 3/8 என்றால் 5.2 அல்லது 5.5 மி.மீ. உருட்டு அரம், .325 என்றால் 4.8. உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் மட்டும் தள்ள வேண்டும், 30 டிகிரி. முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், முனையும் போகும். ஒவ்வொரு பல்லுக்கு முன்னும் நிற்கும் ஆழ முட்டு, பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் செயின் மரத்தைக் கவ்வி இழுத்து, கையை உதறவைக்கும்.

பல்லின் வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஆரெகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946-ல் ஒரு வண்டுப் புழு அடிமரத்தை வலமும் இடமுமாக மாறி மாறிக் கடித்துத் துளைப்பதைப் பார்த்தார். அந்தத் தாடையைப் பார்த்துத்தான் இன்று நாம் அரம் போடும் பல்லைச் செய்தார். இடப்பல், வலப்பல் ஒன்றுபோல் இருக்க வேண்டிய காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பாரின் இரண்டு தண்டவாள விளிம்பும் ஒரே உயரமா என்று பாருங்கள், பள்ளத்தில் இறுகிய தூளையும் எண்ணெய்த் துளையையும் சுரண்டுங்கள், அரம் போடும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். கட்டையைத் தரையில் வைத்து அறுக்காதீர்கள். செயின் ஒரு கணம் மண்ணைத் தொட்டாலே அரை மணி நேர அரம் வேலை வீண்.

கடைசியாக ஒரு கேள்வி. முன் கைப்பிடிக்கு எதிரே செயின் பிரேக் இருக்கிறதா, பிடிக்கிறதா? 1970-களுக்கு முன் வந்த பல ரம்பங்களில் அது கிடையவே கிடையாது. பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்துக்கு நேராக எகிறும். பிரேக் இல்லையென்றால் அதை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், அறுக்க வேண்டாம்.

பழையகொட்டகை:

பிரேக் இருக்கிறது. பட்டை முழுக்கப் பழைய எண்ணெயும் தூளும் இறுகிப் பிடிக்காமல் இருந்தது. கழற்றிக் கழுவியதும் முழு வேகத்திலும் டக்கென்று நிறுத்துகிறது.

ரப்பர் குழாய், டியூப்கள், டயஃப்ரம், இரண்டு சீல் எல்லாம் புதிது. ஃப்ளைவீல் பக்க சீல் அழுத்தத்தில் தாங்கியது, உறிஞ்சியபோது விட்டுவிட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் அதை அப்படியே மூடியிருப்பேன். டேங்க் காற்றுத் துளையில் குளவிக் கூட்டு மண் போல ஏதோ அடைத்திருந்தது. இப்போது விரலை எடுத்தால் வேகம் சட்டென்று இறங்குகிறது, செயின் நிற்கிறது. நேற்று மூன்று டேங்க் ஓட்டினேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.

செயின் இன்னும் லேசாக வலது பக்கம் போகிறது. ஒரு பக்கம் அரம் போடும்போது கை தானாகவே பலமாக அழுத்துகிறது போலிருக்கிறது.

மரங்கொத்தி:

மிகவும் சந்தோஷம். பலம் குறைந்த பக்கத்துக்கு ஒரு தள்ளல் கூடுதலாகக் கொடுங்கள். நான் இன்றும் இடது பக்கத்துக்கு நான்கு, வலது பக்கத்துக்கு மூன்று என்றுதான் போடுகிறேன். சைலன்சர் போல்ட்டை ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி இறுக்கிவிடுங்கள், முதல் நாளில் அது தளரும்.