புதுப்பிப்பு: ஐந்து மருத்துவமனைகள், ஒரே ஆய்வு

ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து சிறுநீரக நோயாளிகளிடம் ஓர் ஆய்வு தொடங்குகிறோம், நோயாளிகளின் நலன் கருதி ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் அலைகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஒரு குழு முழுமையாகப் பரிசீலிக்கும், மற்ற நான்கும் அதை ஏற்கும் என்று உடன்பாடு எழுதிக்கொண்டோம். அமெரிக்காவில் என்ஐஎச் என்ற அரசு மருத்துவ ஆய்வு அமைப்பின் நிதியில் பல மையங்களில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2018 முதல் ஏறக்குறைய இதுதான் விதி.

சரி, அதைவிடப் பெரிய வேலை தரவில் காத்திருந்தது. ஒரு மையத்திலிருந்து கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) 97, 110 என்று வந்தது. பதறிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் மைக்ரோமோல் கணக்கில் எழுதுகிறார்கள், நாங்கள் மில்லிகிராமில். 88.4 ஆல் வகுத்தால் 1.1, 1.2. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகுக்கென்று தனிக் கட்டம். அதை நிரப்பாமல் படிவத்தைச் சேமிக்க முடியாது.

ஒரே இடத்தில் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வைப் பாருங்கள். 2020 மார்ச்சில் முதல் நோயாளி சேர்ந்தார். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கடுமையான கோவிட் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று ஜூனிலேயே தெரிந்துவிட்டது. 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் கைகோத்ததால் வந்த வேகம் அது. படிவங்களும் மிகச் சுருக்கம். வார்டில் நிற்கும் செவிலியருக்கு நேரம் கிடையாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நாங்களும் எங்கள் 14 பக்கப் படிவத்தை மூன்று பக்கமாகக் குறைத்திருக்கிறோம். மிகச் சிறிய மையம்தான் முதல் நோயாளியைச் சேர்த்தது. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.