குடும்ப வருமானத்தில் ஏற்றத்தாழ்வு: வரவை அளப்பதா, செலவை அளப்பதா?

பாலாற்றங்கரை:
ஏற்றத்தாழ்வை அளக்கும் எண் ஜினி: 0 என்றால் எல்லோருக்கும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவருக்கே. உலக வங்கி 2025-ல் சொன்ன ஜினி 25.5-ஐக் காட்டி, இந்தியாவில் ஏற்றத்தாழ்வு குறைவு என்று போன இழையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அது வருமானத்தின் ஜினி அல்ல. 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்த எண். பத்து மடங்கு சம்பாதிக்கிற வீட்டில் அரிசி பருப்புக்குப் பத்து மடங்கா செலவாகும்? மிச்சம் மனையிலும் வைப்புத்தொகையிலும் போய் உட்கார்ந்துவிடும். வருமானத்தையே கேட்ட ஐ.எச்.டி.எஸ். (இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு) ஆய்வில் (2011-12) ஜினி 0.5-ஐத் தாண்டியது, அதாவது 100-க்கு 50-ஐ. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் எங்கே அளந்தாலும் வரவைக் கேளுங்கள்.

ஊசூரான்:
கேட்டால் சொல்வார்களா சார்? மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றாலே, தொகை நின்றுவிடுமோ என்று பயந்து குறைத்துத்தான் சொல்வார்கள். அணைக்கட்டுப் பக்கம் மானாவாரியில் வேர்க்கடலை போட்டவருக்கு மழை பொய்த்தால் அந்த ஆண்டு வருமானம் மைனஸில் நிற்கும். நல்ல விளைச்சல் கண்ட முந்தைய ஆண்டை மறந்து அவரை அடித்தட்டில் தள்ளுவது நியாயமில்லை. செலவு அப்படிக் குதிக்காது. காய்கறி, எண்ணெய், மீனுக்குக் கடந்த 7 நாள் செலவு. வாடகைக்கு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணத்துக்கு 365 நாள் என்று பிரித்துக் கேட்டால் ஓரளவு நிஜம் வரும்.

பாலாற்றங்கரை:
குதிக்காதா? ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கிய 2 லட்சமும் செலவுக் கணக்கில்தான் ஏறும். கடனில் மூழ்கிய குடும்பம் பட்டியலில் மேல்தட்டுக்குப் போய்விடும்.

குடியாத்தத்தாள்:
எதை அளந்தாலும் கேள்வி ஒழுங்காக இருக்க வேண்டும். பீடி சுற்றும் வீட்டில் "மாசம் எவ்வளவு?" என்று கேட்டால் வாய்க்கு வந்த ஒரு எண் கிடைக்கும். வாரத்துக்கு எத்தனை ஆயிரம் பீடி, ஆயிரத்துக்கு என்ன கூலி, கழித்துப் போட்டது எவ்வளவு, கொடுத்த இலை பற்றாமல் கைக்காசில் வாங்கியது எவ்வளவு, வேலை இல்லாத வாரங்கள் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கணக்கு அம்மா பேரில் இருக்கும், சுற்றுவது மூன்று பேராக இருக்கும். தனிநபர் கூலி என்று எழுதினால் அம்மா நன்றாகச் சம்பாதிப்பதாகவும் மகள்கள் சும்மா இருப்பதாகவும் பதிவாகும். அதனால் குடும்பம்தான் அலகு.

ஷூ கம்பெனிச் சம்பளத்தில் கைக்கு வருவதை மட்டும் எழுதாதீர்கள், பி.எஃப். பிடித்ததையும் சேருங்கள். போனஸை 12-ஆல் வகுங்கள். துபாயிலிருந்து மகன் அனுப்புவது வரவு. குழுக்கடன் வரவு அல்ல. அதை அப்பா அம்மா இருவருமே வரவில் சொல்வார்கள்.

ஊசூரான்:
இவ்வளவு செய்தாலும் பெரிய வீட்டுக் கதவு திறக்காதே! கணக்குக்காகப் பத்து வீடு வைத்துக்கொள்வோம். மாத வருமானம் ஆயிரத்தில்: 8, 10, 12, 12, 14, 16, 18, 25, 35, 150. சராசரி 30 ஆயிரம், நடுமதிப்பு (வரிசையில் நடுவில் நிற்கும் வருமானம்) 15 ஆயிரம், ஜினி 0.51. அந்த 150 ஆயிரம் வீட்டு வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் மீதி ஒன்பது வீட்டுக்கு ஜினி 0.25. ஒரே ஒரு வீடு! நடுமதிப்போ 14 ஆயிரத்துக்குத்தான் இறங்குகிறது.

பாலாற்றங்கரை:
அதற்குத்தான் அடுக்குப் பிரிப்பு, அதாவது வீடுகளை வசதிப்படி முதலிலேயே பிரித்து ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனியாக எடுப்பது. 2022-23 செலவுக் கணக்கெடுப்பிலேயே நகரங்களில் 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வைத்திருக்கும் வீடுகளைத் தனி அடுக்காக்கினார்கள். ஒரு வார்டில் 1,000 வீடு, அதில் அப்படிப்பட்டவை 40 என்றால், 40-ல் 20, மீதி 960-ல் 80 எடுங்கள். கார் வீட்டின் எடை, அதாவது ஒரு வீடு எத்தனை வீட்டுக்காக நிற்கிறது என்பது, 2, மற்றதன் எடை 12. எடை போட மறந்தால் 4 சதவீதம் இருப்பவர்கள் 20 சதவீதமாகத் தெரிவார்கள், ஜினி வேறு திசையில் கெட்டுப்போகும்.

ஊசூரான்:
அந்த 20-ல் 16 வீடுதான் பதில் சொன்னது என்றால் எடை 2.5 ஆகும், அதையும் எழுதி வையுங்கள். கதவு திறக்காத வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்துச் சின்ன வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பப் போங்கள். செலவுப் பக்கத்தை மட்டும் நான் விடமாட்டேன். சொன்ன வரவைவிடச் செலவு கூடுதலாக இருந்தால், எழுந்து வருவதற்கு முன் கடன், அடகு, சீட்டுப் பணம் மூன்றையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.