ஹைக்கூ இயங்குதளத்தில் ஹெட்போன் ஒலிக்கிறது, ஸ்பீக்கர் ஊமை: புதிய ஒலி இயக்கி எழுத வேண்டுமா?

கேள்வி: உவர்மலையான்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வீட்டு விறாந்தையில் ஒரு மாலை வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளின் கேட்டல் பயிற்சிக்காக ஒரே மாதிரியான மூன்று பழைய மடிக்கணினிகளை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 2 ஜிபி நினைவகமே இருப்பதால், பாரமில்லாத இயங்குதளம் ஒன்றைத் தேடி, 2024 செப்டெம்பரில் வெளியான ஹைக்கூவின் ஐந்தாம் பீட்டாப் பதிப்பை நிறுவினேன். வேகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஒலியில்தான் சிக்கல். ஹெட்போனைச் செருகினால் தெளிவாகக் கேட்கிறது. கழற்றினால் ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை. மூன்று கணினிகளிலும் இதே நிலைதான். முன்பிருந்த விண்டோஸில் இதே ஸ்பீக்கர்கள் வேலை செய்ததை வாங்கும்போது நானே கேட்டேன். எச்டிஏ இயக்கி (ஒலி வன்பொருளை இயக்கும் நிரல்) ஏற்றப்பட்டதும், ரியல்ரெக் ஏஎல்சி 269 என்ற கோடெக் (ஒலிச் சில்லு) கண்டறியப்பட்டதும் சிஸ்லொக்கில் (இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவில்) பதிவாகியிருக்கின்றன. ஒலியளவுகளையெல்லாம் உச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சி பிளஸ் பிளஸ் ஓரளவு தெரியும். இயங்குதளத்தின் கருவான கேர்னல் பக்கம் இதுவரை போனதில்லை. இந்தக் கணினிகளுக்கென்று ஓர் இயக்கியைத் தொடக்கத்திலிருந்து எழுதுவதுதான் வழியா? அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிலாவெளிக்கரை

தம்பி, புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். ஹெட்போனில் ஒலி வருகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிட்டது.

இன்டெல் 2004 இல் வெளியிட்ட எச்டிஏ விவரக்குறிப்பு, ஒலி வன்பொருளை இரண்டாகப் பிரிக்கிறது. பிசிஐ (கணினியின் உள் இணைப்புப் பாதை) பக்கத்தில் இருக்கும் கட்டுப்படுத்தியின் பதிவகங்கள் எந்த நிறுவனம் தயாரித்தாலும் பெரும்பாலும் ஒன்றே. அதற்கு அப்பால் இருக்கும் கோடெக் சில்லுதான் கணினிக்குக் கணினி மாறுகிறது. கட்டுப்படுத்தி 32 பிட் கட்டளைகளை ஒரு வளைய வரிசையில் வைத்து அனுப்ப, கோடெக் இன்னொரு வளையத்தில் மறுமொழி தருகிறது. ஒலித் தரவோ டிஎம்ஏ (செயலியின் கை படாமல் நினைவகத்திலிருந்து நேரே தரவை நகர்த்தும் முறை) வழியாகத் தனியே ஓடுகிறது. உங்கள் ஹெட்போன் பாடுகிறது என்றால் கட்டளை வரிசை, டிஎம்ஏ, குறுக்கீடுகள் (வன்பொருள் செயலியை அழைக்கும் சைகைகள்), மேலே இருக்கும் மீடியா சேர்வர் (ஹைக்கூவின் ஒலிச் சேவை) ஆகிய அனைத்தும் நலமாக இருக்கின்றன. குற்றவாளி கோடெக்கின் ஸ்பீக்கர் முனைக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான ஓரிரண்டு அங்குலத்தில்தான் இருக்க வேண்டும்.

பல மடிக்கணினிகளில் அந்த இடத்தில் ஒரு பெருக்கி இருக்கும். அதை எழுப்ப இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, முனையிலேயே இருக்கும் ஈஏபிடி என்ற பிட் (வெளிப் பெருக்கிக்கான ஆளி). மற்றது, கோடெக்கின் பொதுப்பயன் கால்களான ஜிபிஐஓக்களில் ஒன்று. ஈஏபிடி விவரக்குறிப்பில் இருப்பதால் பொதுவான இயக்கியே அதைக் கையாள முடியும். ஆனால் எந்த ஜிபிஐஓ காலைப் பெருக்கியோடு இணைத்திருக்கிறார்கள் என்பது பலகையை வடிவமைத்தவருக்கே வெளிச்சம். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கோடெக்கில் கட்டளை கிடையாது. ஆகவே ஒரு லினக்ஸ் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடக்கி, ஸ்பீக்கரில் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும்போதே, ப்ரொக் அடைவின் அசவுண்ட் பகுதியில் இருக்கும் கோடெக் கோப்பைப் பிரதியெடுங்கள். பாட்டு நின்ற பிறகு எடுத்தால், மின்சேமிப்பில் பெருக்கி உறங்கிய நிலையையே படம்பிடித்ததாகிவிடும்.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு முனைக்கும் எட்டு இலக்கப் பதினறும எண் ஒன்று இருக்கும். பலகை தயாரித்தவர் பயொஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) மூலம் எழுதிவைக்கும் சாதகக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90170110 என்று இருந்தால், முதலிரு இலக்கங்கள் "உள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டது" என்றும், மூன்றாவதான 1 "ஸ்பீக்கர்" என்றும், நான்காவதான 7 "வேறுவகை அனலொக் இணைப்பு" என்றும், ஐந்தாவதான 0 "நிறம் தெரியாது" என்றும் சொல்கின்றன. ஆறாவதான 1, "செருகியிருப்பதை உணர வழியில்லை, பார்க்காதே" என்ற பொருளுடையது. உள் ஸ்பீக்கருக்கு அது நியாயமே. கடைசி இரண்டும் குழுவும் வரிசையும். இந்த எண்களை இயக்கி அப்படியே நம்புகிறது. பயொஸ் எழுதியவர் கவனக்குறைவாக இருந்தால் வம்பு அங்கேயே தொடங்கும்.

லினக்ஸ் யூஎஸ்பி கையில் இல்லையென்றால் சொல்லுங்கள். கோணேசபுரி வளாகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பதில்: கொட்டியாரக்குடா

மேலே ஐயா சொன்னதோடு உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். லினக்ஸ் கேர்னலின் உரிமம் ஜிபிஎல் (அதிலிருந்து எடுத்த நிரலும் அதே உரிமத்தில் வர வேண்டும்); ஹைக்கூவினுடையது அந்த நிபந்தனை இல்லாத எம்ஐடி. "இந்தப் பலகையில் இந்தக் கால் பெருக்கிக்குப் போகிறது" என்பது வன்பொருள் பற்றிய உண்மை. அதைத் தெரிந்துகொண்டு நீங்களே எழுதுவதில் தவறில்லை. லினக்ஸின் நிரல் வரிகளையோ அட்டவணைகளையோ வெட்டி ஒட்டினால், நீங்கள் ஹைக்கூ திட்டத்துக்கு அனுப்பும் திருத்தத்தைப் பரிசீலிப்பவர்கள் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். 2001 இல் பாம் நிறுவனம், பீஓஎஸ் இயங்குதளத்தை உருவாக்கிய பீ நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய பிறகு, பீஓஎஸ்ஸின் மூடிய மூலநிரலைத் தொடாமலே மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட இயங்குதளம் இது. அந்த ஒழுக்கம் அதன் பிறவிக்குணம்.

சோதிக்கும் முறையைப் பொறுத்தவரை, கியூஇஎம்யூ என்ற கணினிப் பாவனை மென்பொருளில் எச்டிஏ சாதனத்தைப் பாவனை செய்யலாம். ஆனால் அந்தப் பாவனைக் கோடெக்கில் பெருக்கியே இல்லாததால் உங்கள் பழுது அங்கே ஒருநாளும் தோன்றாது. மாற்றிய இயக்கி கேர்னலைக் கவிழ்க்கவில்லை என்று உறுதிசெய்ய மட்டுமே அது உதவும். உண்மைக் கணினியில் சோதிக்கும்போது, மாற்றிய இயக்கியைப் பயனரின் நொன்-பக்கேஜ்ட் (தொகுப்பாக வராத கோப்புகளுக்கான) அடைவில் வையுங்கள். கணினியோடு வந்த எச்டிஏ இயக்கியை பக்கேஜஸ் அமைப்புக் கோப்பில் தடைசெய்யுங்கள். கேர்னல் கவிழ்ந்தால், தொடங்கும்போது ஷிப்ட் விசையை (பயொஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ என்றால் இடைவெளி விசையை) அழுத்தி, பயனர் சேர்த்த துணைநிரல்களை முடக்கும் தெரிவைக் கொடுத்தால் போதும்.

ஹைக்கூவின் எச்டிஏ இயக்கியில் கோடெக்கைக் கையாளும் கோப்பைத் திறந்தால், விதிவிலக்குகளுக்கான அட்டவணை ஒன்று இருக்கும். பலகையின் துணை அடையாள எண்களும் கோடெக்கின் எண்களும் பொருந்தினால் எந்த ஜிபிஐஓ காலை உயர்த்த வேண்டும் என்று அங்கே ஒரே வரியில் குறிப்பிடலாம். புதிய இயக்கி என்று நீங்கள் பயந்தது பெரும்பாலும் அந்த ஒரு வரியாகத்தான் முடியும்.

பதில்: உவர்மலையான்

இருவருக்கும் நன்றி. இடையில் மின்வெட்டு வந்து ஒரு மாலை வீணானது, அதனால்தான் தாமதம்.

லினக்ஸில் எடுத்த கோப்பில் ஸ்பீக்கர் முனையின் எண், ஐயா எழுதிய அதே 90170110. ஈஏபிடி இயங்குநிலையில் இருந்தது. ஜிபிஐஓ பகுதியில் முதற் காலுக்கு மட்டும் இயக்கம், திசை, தரவு மூன்றும் 1 ஆக இருந்தன. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன். முதல் முயற்சியில் ஒன்றும் நடக்கவில்லை. துணை அடையாளத்தின் இரு பாதிகளையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன் என்று பிறகுதான் கண்டேன். திருத்தித் தொகுத்ததும் இரவு பதினொன்றரைக்கு ஸ்பீக்கர் அலறியது. உச்சத்தில் வைத்த ஒலியளவை நான் குறைத்திருக்கவில்லை. அயல்வீட்டு நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன.

இப்போது அடுத்த சிக்கல். ஹெட்போனைச் செருகினாலும் ஸ்பீக்கர் ஓயவில்லை, இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஹெட்போன் முனையின் எண் 04211120 என்று இருக்கிறது. ஆறாவது இலக்கம் 1 ஆக இருப்பதுதான் காரணமா?

பதில்: நிலாவெளிக்கரை

அதுவேதான் என்று நினைக்கிறேன், தம்பி. வெளியே துளையுள்ள ஹெட்போன் முனைக்கு "செருகியிருப்பதைப் பார்க்காதே" என்று பயொஸ் எழுதியிருக்கிறது. முதலில் அந்த முனையின் திறன் விவரத்தில் உணரும் ஆற்றல் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் பயொஸ் சொல்வது பொய். இந்தப் பலகைக்கு மட்டும் அந்த எண்ணை 04211020 என்று இயக்கி கருதும்படி செய்யலாம். பயொஸைத் தொட வேண்டாம்.

ஆனால் இதையும் ஜிபிஐஓ வரியையும் ஒரே திருத்தமாக அனுப்பாதீர்கள். முதலாவது, இருக்கும் அட்டவணையில் ஒரு வரி. பரிசீலிப்பவர் ஐந்து நிமிடத்தில் படித்து ஏற்கலாம். இரண்டாவது, முனை எண்ணை மாற்றும் புதிய வழியையே அறிமுகப்படுத்துகிறது. அதைப் பற்றிக் கேள்விகள் வரும், வாரக்கணக்கில் நீளவும் கூடும். மூன்று கணினிகளிலும் சோதித்த சிஸ்லொக்கை முதல் திருத்தத்தோடு இன்றே இணைத்து அனுப்புங்கள். அதுவரை வகுப்பில் ஹெட்போன் செருகும் பிள்ளைகளுக்கு, மிக்ஸரில் ஸ்பீக்கரைக் கையால் அடக்கக் காட்டிக்கொடுத்தால் சமாளிக்கலாம்.